ஒரு சாண் இடமும் வீணில்லை

படகுக்குள் இறங்கிய நொடியே நர்ஸம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் சீழும் ரத்தமும் துடைத்த கை அவளுடையது. அப்பேர்ப்பட்டவளாலேயே தாங்க முடியவில்லை.

"என்னங்க நாத்தம் இது?"

"கடல்னா அப்படித்தான் இருக்கும்," என்றார் வாத்தியார்.

வாத்தியார் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றதும் இந்தப் பழைய பாய்மரப் படகை வாங்கிப் போட்டார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் இதிலேயே குடியிருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவளுடைய சம்மதம்தான் பாக்கி. படகைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தாள். அதற்காகவே ஒரு மாதமாக இங்கேயே கிடந்து சாமான்களை அடுக்கியிருந்தார்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா, ஒவ்வொரு பொந்தாகத் திறந்து காட்டினார். தலையணை உறைக்குள் பஞ்சுக்குப் பதில் அவருடைய சட்டைகள். குக்கருக்குள் பாத்திரம், பாத்திரத்துக்குள் டம்ளர், டம்ளருக்குள் மிளகுத்தூள். படிக்கட்டுக்கு அடியில் செருப்பு. அதை ஒட்டியே, கூச்சநாச்சம் இல்லாமல், பல் துலக்கும் பிரஷ்.

"ஒரு சாண் இடம் வீணில்லை, பாத்தியா?"

எள் போட்டால் எள் விழாதுதான். ஆனாலும் அந்த நாற்றத்துக்கு மட்டும் தாராளமாக இடம் இருந்தது.

"தரைக்கு அடியில என்ன வச்சிருக்கீங்க?"

"சாப்பாட்டுச் சாமான். அங்கதான் சில்லுன்னு இருக்கும்."

"பலகையைத் தூக்குங்க."

"இப்ப எதுக்கு? வா, மேல போய்க் காத்து வாங்கலாம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு. அவளே குனிந்து பலகையைப் பெயர்த்தாள்.

கீழே கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர் நின்றது. டின்களில் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் ஊறிக் கழன்று, கஞ்சியாகி, தண்ணீரை வெளியேற்றும் பம்பின் வாயை அடைத்திருந்தது. காகிதத்தை உரித்துவிட்டு அடியில் வையுங்கள் என்று பக்கத்துப் படகுக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உரித்தால் எதில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று வாத்தியார் அவருக்கே பாடம் எடுத்தார்.

அந்தக் கஞ்சியில் நாலைந்து நீளமான வெள்ளைப் பைகள் மிதந்தன. ஒன்றைத் தூக்கினாள். விரல் அழுந்தியதும் உள்ளே இருந்தது கூழாக நழுவி, மணிக்கட்டு வழியே ஒழுகியது. அழுகின உருளைக்கிழங்கு. பை என்று அவள் நினைத்தது, டியூட்டிக்குப் போட்டுக்கொண்டிருந்த அவளுடைய காலுறை.

"பழசுதானே, வீணாப் போகுதேன்னு எடுத்தேன்," என்றார்.

அவள் ஒரு மணி நேரம் வாளி வாளியாக அள்ளினாள். அவர் படியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"டின்னைத் தூக்கிப் போட்டுடாத. துடைச்சுட்டுச் சாப்பிடலாம்."

கிழங்கைத் தொட்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பு இல்லை. மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

"வீட்டைக் காலி பண்ண வேண்டாம். நான் அங்கயே இருந்துக்கறேன். நீங்க இங்க இருங்க."

வாத்தியாரின் முகம் தொங்கிவிட்டது. அவளுக்கே ஒரு கணம் மனசு கேட்கவில்லை. கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. அவர் மெல்லத் தலையைத் தூக்கி, எதிரில் அவளுக்கென்று விரித்திருந்த படுக்கையைப் பார்த்தார்.

"அப்ப உன் படுக்கை காலியாத்தானே இருக்கும்? இந்த டின்னையெல்லாம் அங்க மாத்திடலாம்," என்றார். குரலில் நிஜமான சந்தோஷம்.

நர்ஸம்மா கம்பியைப் பிடித்து மேலே ஏறி, படகின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தாள்.