வெள்ளவத்தை முகவரி

ஒஸ்வால்ட் படுக்கையறையை விட்டு ஹோலில் படுக்கத் தொடங்கியதற்கு முதலில் சொன்ன காரணம் மின்விசிறி. அறையில் அது கிறீச்சிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறதாம். மனைவி யூஜினா அடுத்த நாளே ஆள் பிடித்து அதற்கு எண்ணெய் விட்டாள். பிறகு முதுகுவலி என்றான். தரையில் பாய் போட்டுப் படுத்தால்தான் சுகமாம். விடியும்போதே எழுந்து வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கப் போகிறேன் என்று பஸ் ஏறிவிடுவான். கொட்டாஞ்சேனையில் இருக்கிறவனுக்கு நடப்பதற்கு வேறு இடமா இல்லை? அவள் அருகில் போய்க் கன்னத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

தன் அரசியல்தான் காரணம் என்று அவள் நினைத்தாள். மாநகரசபைக்குத் தெரிவானதிலிருந்து வீடு வீடாகவா இருக்கிறது? குளிக்கும்போதும் போன் அடிக்கிறது. மனுசனுக்கு மனம் விட்டுப் போயிருக்கும். வெள்ளவத்தையில் வேறு யாரும் இருக்கிறார்களோ என்னவோ.

இதையெல்லாம் யாரிடமும் சொல்லி அழ அவளுக்கு நேரமும் இல்லை. வியாழக்கிழமை சபையில் அவளுடைய பிரேரணை வருகிறது. மாதம் ஒரு முறை எக்ஸ்ரே வேன் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஒழுங்கைகளுக்கு வரவேண்டும். காசநோய் மருந்து எடுக்கிற கூலிக்காரருக்கு உலர் உணவு கிடைக்கவேண்டும். கோயில் மண்டபத்தில் மைக் பிடித்து அவள் கெஞ்சாத குறையாகச் சொன்ன விஷயம் இன்னொன்றும் உண்டு. இங்கே ஒருவருக்குக் காசநோய் என்றால், ஒழுங்கைக்குத் தெரியக்கூடாதென்று கிளினிக்கில் வெள்ளவத்தைச் சொந்தக்காரரின் முகவரியைக் கொடுப்பார். வெள்ளவத்தைக்காரருக்கு வந்தால் அவர் கொட்டாஞ்சேனை முகவரியைக் கொடுப்பார். பி.எச்.ஐ. என்கிற சுகாதாரப் பரிசோதகர் இரண்டு ஊருக்கும் நடுவில் மோட்டார்சைக்கிளில் அலைவார். வீட்டிலிருக்கிற பிள்ளைகுட்டிகளைச் சோதிக்க ஆளிருக்காது.

"சொந்த முகவரியைக் குடுங்கோ. வெட்கம் ஒருத்தரையும் சுகப்படுத்தாது" என்று அவள் சொன்னபோது ஒஸ்வால்ட் முன்வரிசையில் இருந்து பலமாகக் கைதட்டினான்.

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தையிலிருந்து அவளுடைய அக்கா மரியகொறற்றி போன் எடுத்தாள்.

"ஜீனா, உன்ட மனுசன் செய்து வச்சிருக்கிற வேலை தெரியுமா?"

"தெரியும் அக்கா. ஆரவள்?"

"எவளடி? இஞ்ச பி.எச்.ஐ. மாத்தயா ஒருத்தர் வந்து என்ட ஹோல்ல இருக்கிறார். ஒஸ்வால்ட் எண்ட காசநோய்க்காரர் இந்த வீட்டிலதான் இருக்கிறாராம். போன் எடுத்தாலும் பதில் இல்லையாம். உடனே கிளினிக்குக்கு வரட்டுமாம். நான் தனிய இருக்கிற பொம்பிளை எண்டு சொன்னா, கட்டிலுக்குக் கீழயெல்லாம் பாக்கிறார்!"

"பாக்கேல்ல மேடம்" என்று பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

வேறு ஒருத்தி இல்லை என்ற ஆறுதல் யூஜினாவுக்கு ஒரு மூச்சளவுதான் நின்றது. அதற்குள் 'உடனே' என்ற சொல் நெஞ்சில் குத்தியது. ஒருகொடவத்தைக் கொள்கலன் முற்றத்து அலுவலகத்தில் ஒஸ்வால்டுக்குப் பக்கத்து மேசைக்காரன் கிளெமென்ற். அவனுக்கு வந்தது சாதாரண மருந்துக் குளிசைக்கு மசியாத காசநோய். எவ்வளவு காலம் ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான்! மசியாத வகைக்கும் இப்போது நல்ல மருந்து இருக்கிறது என்று அவளே மேடையில் சொல்லியிருக்கிறாள். சொல்வதற்கு எளிது. இப்போது அவளுக்குக் கிளெமென்ற்றின் கழுத்தெலும்பு மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது.

ஒஸ்வால்டின் போனுக்குப் பதிலில்லை. அலுவலகத்துக்கு எடுத்தபோது, எடுத்தவன் ஓடிப்போய் அவனைக் கூட்டி வந்தான். "அக்கா வீட்டுக்கு வாங்கோ. பி.எச்.ஐ. வந்திருக்கிறார்" என்றாள். "வாறன்" என்றான் அவன்.

அவள் ஓட்டோவில் ஏறினாள். காலி வீதி நெரிசலில், பம்பலப்பிட்டியைத் தாண்டும் வரைக்கும் அந்தோனியாரிடம் ஒரே ஒரு வரத்தைத்தான் கேட்டாள். மசிகிற வகையாக இருக்கட்டும், சுவாமி.

அக்காவின் ஹோலில் ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அக்கா முகத்தில் மாஸ்க்கும் கையில் டெட்டோல் போத்தலுமாக நின்றாள். தாஸிம் என்ற அந்தப் பரிசோதகர், ஆறிய தேநீரோடு கதிரையின் நுனியில் இருந்தார். யூஜினாவைக் கண்டதும் எழுந்தார்.

"மேடம், நீங்களா? கோயில் மண்டபத்துல அட்ரஸ் பத்தி நீங்க பேசினதக் கேட்டனான். எங்கட ஒபிஸ்ல எல்லாருக்கும் சொன்னேன்."

அவளுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. "அவர் என்ட மனுசன்" என்றாள். "எனக்குத் தெரியாது."

தாஸிம் வாயைத் திறப்பதற்குள் ஒஸ்வால்ட் படியேறி வந்துவிட்டான். வேலைச் சப்பாத்தும் வியர்வையுமாக வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

"என்ட அட்ரஸைக் குடுக்க உமக்கு ஆர் சொன்னது?" என்று அக்கா பாய்ந்தாள். "நாளைக்கு இந்த ஃபிளாட்ஸில ஒருத்தரும் என்னோட லிஃப்ட்டில ஏறமாட்டினம்!"

"மச்சாள், கொஞ்சம் பொறுங்கோ." அவன் யூஜினாவைப் பார்த்தான். "எதிர்க்கட்சிச் சிவபாதசுந்தரம் சபையில என்ன கேட்டவர்? 'இவ்வளவு துடிக்கிறா, உறுப்பினரின்ட வீட்டிலயே நோயோ?' எண்டு கேட்டவரெல்லோ. ஓம் எண்டா உன்ட பிரேரணையைக் கிழிச்சுப் போட்டிருப்பினம். வியாழன் முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"அப்ப வெள்ளவத்தையில நடந்தது?"

"நடந்தனான்தான். பஸ் ஸ்டாண்டில இருந்து குளிசை குடுக்கிற இடத்துக்கு."

"ஹோல்ல படுத்தது?"

"நான் இருமினா உனக்கெல்லோ வரும்."

அவளுக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. கைப்பையால் அவனுடைய தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். "மடையன்! நான் ஆரோ ஒருத்திய நினைச்சு, அவளுக்குப் பேர்கூட வச்சிட்டன்!"

"என்ன பேர்?" என்று அவன் ஆர்வமாகக் கேட்டான்.

"சும்மா இருங்கோ!" அவள் தாஸிமிடம் திரும்பினாள். "தம்பி, மறைக்காமச் சொல்லுங்கோ. கிளெமென்ற்றுக்கு வந்ததுதானா இவருக்கும்?"

அக்கா டெட்டோல் போத்தலை இறக்கினாள்.

"கிளெமென்ற் சேரோட வேலை செய்றவர் எண்டதாலதான் டொக்டர் சளியத் தனியா டெஸ்ட்டுக்கு அனுப்பினவர்" என்றார் தாஸிம். "முதல்ல குடுத்த சளி போதாதெண்டு திரும்பவும் எடுக்க வேண்டி வந்தது. நேத்துத்தான் ரிசல்ட் வந்தீக்கி. மருந்துக்கு மசியிற வகை மேடம். இப்ப குடிக்கிற குளிசையே போதும். விடாமக் குடிச்சு முடிச்சாச் சரி."

யூஜினா சோபாவில் பொத்தென்று இருந்தாள்.

"அப்ப உடனே வரச்சொன்னது?" என்று ஒஸ்வால்ட் கேட்டான்.

"உங்கட ஊட்டுக்காரங்களக் கூட்டிக்கொண்டு வரச்சொன்னது சேர்! நீங்க குடுத்த அட்ரஸுக்கு வந்தா இந்த மேடம் மட்டும் ஈக்கிறாங்க. இவங்க உங்களோட ஒரு நாளும் இருந்ததில்லையாம். நான் ஆரைச் சோதிக்கிறது?"

"என்னைச் சோதிக்கத் தேவையில்ல!" என்றாள் அக்கா.

"தேவையில்ல மேடம். இவங்களத்தான் சோதிக்கோணும்."

யூஜினா எழுந்து முகத்தைத் துடைத்தாள். கொட்டாஞ்சேனை வீட்டு இலக்கத்தையும் ஒழுங்கையையும், பக்கத்துத் தையற்கடைப் பெயரையும் சேர்த்து, அவர் எழுதும் வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

ஒஸ்வால்ட் தொண்டையைச் செருமினான். "மாத்தயா, ஒரு சந்தேகம். இனி அறைக்குள்ள படுக்கலாமோ?"

"என்ட மாதாவே!" என்று அக்கா மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்தாள்.

தாஸிம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "குளிசை ஒழுங்காப் போயிருக்கு, மருந்தும் கேக்குது. நாளைக்கு டொக்டரும் ஓம் எண்டு சொன்னாப் படுக்கலாம். ஜன்னல மட்டும் திறந்து வையுங்க."

திரும்பும் வழியில் ஓட்டோவில் அவன் ஓரமாகவே ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் நகர்ந்து போய் அவனுடைய கையைப் பிடித்தாள். கடற்காற்று இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு போனது.

"வியாழன் அந்த மனுசன் திரும்பக் கேட்டா நான் பொய் சொல்லமாட்டன்" என்றாள். "உங்களுக்கு விருப்பமில்லாட்டி வாயே திறக்கமாட்டன்."

ஓட்டோ புறக்கோட்டைக்கு வந்திருந்தது. கூலிக்கார நாட்டாமைகள் மூட்டை சுமந்துகொண்டு வாகனங்களுக்கு நடுவில் புகுந்து ஓடினார்கள். அவர்களில் ஒருவன் நின்று இருமினான்.

"சொல்லு" என்றான் ஒஸ்வால்ட். "ஆனா ஆள் நல்லாத் தேறி வாறார் எண்டும் சொல்லு. செத்தவனைப் பத்திக் கதைக்கிற மாதிரிக் கதைச்சிராத."

வியாழக்கிழமை சிவபாதசுந்தரம் அதையே கேட்டார். இந்த நோய் எந்த வீட்டில் இருக்கிறதென்று உறுப்பினர் சொல்வாரா என்றார். "என்ட வீட்டில" என்றாள் யூஜினா. "ஆள் நல்லாத் தேறி வாறார்" என்றும் சேர்த்துச் சொன்னாள். சிவபாதசுந்தரம் அடுத்த கேள்வி எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வேன் கோரிக்கை நிறைவேறியது. உலர் உணவை ஒரு குழுவுக்குத் தள்ளிப்போட்டார்கள். அதற்கு அவள் இன்னும் சண்டை பிடிக்கவேண்டும்.

அவள் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி ஒழுங்கைக்கு வந்துவிட்டது. தையற்கடை வாசலில் நின்ற பெண்கள் கதையை நிறுத்தினார்கள். யூஜினா தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் விரைந்து வந்தது. அடுத்த வீட்டு ஜவாஹிறா.

"மிஸ், அந்த வேன் வர நாளாகுமா?" குரலைத் தாழ்த்தினாள். "எங்கட ஊட்டுல அவரு நோன்புக்கு முந்தியே இருமத் தொடங்கினாரு. கேட்டாச் சுருட்டு எண்டுறாரு."

"வேனுக்குக் காத்திருக்க வேண்டாம்" என்றாள் யூஜினா. "நாளைக்கு நானும் எக்ஸ்ரேக்குப் போறன். அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, ஒண்டாப் போவம்."

ஜவாஹிறா தலையாட்டினாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, அவரைச் சம்மதிக்கவைக்க வேகமாக வீட்டுக்குள் போனாள்.