இடது கைக் கையெழுத்து

…அப்படியானால் முழுக் கடனும் என் தலையில்தானா, அவன் குடித்ததற்கும் சீட்டாட்டத்தில் விட்டதற்கும் நானா, என்று நினைத்தபடியே அவள் கத்தியை ஓங்கினாள், தொடை எலும்பு ஒரே வெட்டில் தெறித்தது, கறிக்கடை வாசலில் நின்ற வசூல்காரனின் சட்டையில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டது, ஒட்டட்டும், வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் பதில் சொல்லட்டும். புருஷன் செத்து மாதம்கூட ஆகவில்லை, "நீங்களும்தானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க, கீழ கடை, மேல வீடு, ரெண்டும் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, அவர் இல்லன்னா நீங்கதான் கட்டணும்" என்கிறான், சர்க்கரை கடன் கேட்க வந்தவன் போல அவ்வளவு மெதுவாக. கட்டாவிட்டால்? கடைக்கும் பூட்டு, வீட்டுக்கும் பூட்டு. கையெழுத்தா… எந்தக் கை போட்டது தெரியுமாடா உனக்கு, கத்தி பிடித்திருக்கும் இந்தக் கை இல்லை, இதை அன்று காலையிலேயே அவன் கதவிடுக்கில் வைத்துச் சாத்தியிருந்தான், மாட்டேன் என்று சொன்னதற்கு, பிறகு அவனே ஈரத்துணி சுற்றி, அவனே தலை வாரிவிட்டு, கடன் ஆபீசுக்குக் கூட்டிப்போனான், அங்கே இருந்தவர் "இடது கைப் பழக்கமாம்மா?" என்றதற்குச் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாளே, அந்தச் சிரிப்புக்கு அவளையே வெட்டிப் போடலாம்.

நேற்று வக்கீல் அம்மா கேட்டாள், "அடிச்சு வாங்கின கையெழுத்துன்னு நிரூபிச்சா உங்க பாதிப் பங்காவது தப்பும். அவர் அடிக்கிறதைப் பார்த்தவங்க, தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" யார் இருக்கிறார்கள்… யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே இத்தனை வருஷம் பாடுபட்டாள், உதடு கிழிந்தால் குளியலறையில் வழுக்கியது, கண் வீங்கினால் குளவி கொட்டியது, விரல் நசுங்கினால் ஐஸ் பெட்டி மூடி விழுந்தது, தெருவே நம்பும்படி கூசாமல் சொன்னாள். அவனைத் தூக்கிப்போன அன்று தங்கமான மனுஷன் என்று நாலு பேர் சொன்னபோது தலையையும் ஆட்டினாள், இப்போது போய் அந்தத் தங்கம் என்னை மிதித்தது என்றால் எவள் நம்புவாள்? "அண்ணி, மெதுவா, கட்டை பிளந்துடப் போவுது" என்றான் தராசடியில் நின்ற கொழுந்தன். பிளக்கட்டும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே நெஞ்சு அடைத்துப் போய்விட்டானே, நோகாமல், ஒரு அடிகூடத் திருப்பிக் கொடுக்க விடாமல்… இது அவன் முழங்கால், இது தோள், இது கதவைச் சாத்திய கை, வெட்டு, ரத்தம் அவள் கன்னத்தில் அடித்தது, துடைக்கவில்லை.

வசூல்காரன் மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டச் சட்டென்று கையை உயர்த்தினான். அவ்வளவுதான். கத்தி தரையில் கிடந்தது, அவள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு கட்டைக்குப் பின்னால் குந்தியிருந்தாள். கறி வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும், தலைசுற்றல், காலையில் சாப்பிடவில்லை, பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, நிமிர்ந்து பார்த்தாள், வசூல்காரன் ஒருவன்தான் திகைத்துப்போய் நின்றான், வேறு எவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. கொழுந்தன் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான், துடைத்ததையே துடைத்தான். வாரம் தவறாமல் வரும் டீச்சர் எட்டிக் குனிந்து, "எழுந்திரிங்கம்மா, அவர்தான் இப்ப இல்லையே" என்றாள். அப்படியென்றால் தெரியுமா… எல்லோருக்குமா, தெரிந்துகொண்டேதான் எலும்போடு அரைக் கிலோ, கொழுப்பு வேண்டாம் என்று இங்கே நின்றார்களா, சாட்சி சாட்சி என்று மண்டையை உடைத்துக்கொண்டாளே, இதோ வரிசையாக நிற்கிறார்கள், பையும் கையுமாக. குனிந்து கத்தியை எடுத்தாள். வீடு வேண்டுமென்றால் இவர்களிடம்தான் கெஞ்ச வேண்டும், இப்போதே, இந்த டீச்சரிடமிருந்தே தொடங்கலாம், கைகூப்பிக் கேட்டால் வருவாள், ஆனால் கை… கத்தியை விடமாட்டேன் என்கிறது.