ஒஃபீலியா சறுக்கி இறங்கிய பத்தொன்பது ஆண்டுகள்

வெண்மணல் பூங்காவில், மூன்று ஆள் உயரம்கூட இல்லாத ஒரு மணல்மேட்டின் உச்சியிலிருந்து 1993 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சறுக்கிய ஒஃபீலியா சாவேஸ், கீழே வந்து சேர்ந்தது 2012 ஜூனில். புறப்பட்டபோது அவளுக்கு வயது முப்பத்துநான்கு. வந்து சேர்ந்தபோதும் அதேதான். கீழே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "வா, நான் பிடிச்சுக்கறேன்" என்று நின்றவன் அவள் கணவன் நெஸ்டோர், லாஸ் குரூசஸ் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். பக்கத்தில் ஆறு வயது மகள் இனேஸ், மஞ்சள் கவுனில். அவளோ கண்ணுக்கே தெரியாத வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தாள்; முதல் ஒரு மணி நேரம் நெஸ்டோர் கையை இறக்கவே இல்லை. பிறகு நான்கு பேர் சேர்ந்து அவளைத் தூக்கிப் பார்த்தார்கள், இம்மிகூட அசையவில்லை. பூங்காக் காவலர் பென்னட் வந்து, வழுக்கிப் போக தட்டின் அடியில் மெழுகு தேய்த்தீர்களா என்று கேட்டார். எல்லோரும் தேய்ப்பார்கள். இந்தக் குட்டி மேட்டுக்கு மெழுகு எதற்கு என்று சொன்னவன் நெஸ்டோர். அந்த ஒரு வார்த்தைக்காக மாமியார் சாகும்வரை அவனை மன்னிக்கவில்லை.

இருட்டியபின் பூங்காவில் யாரும் தங்கக் கூடாது என்பது விதி. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, முகாமிட அனுமதிச் சீட்டு ஒன்றை எழுதி அவள் தட்டில் செருகினார்கள். தினமும் ஒருவர் போய்ப் புதுச் சீட்டு வைத்தார். அவள் சிரிப்பு இழுபட்டு இழுபட்டு ரீங்காரமாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் ஜெனரேட்டர் சத்தம் என்று நினைத்து முகம் சுளித்தார்கள். மணல்மேடு காற்றில் நகர நகர அவளும் அதோடு நகர்ந்தாள். நெஸ்டோரும் மகளும் ஞாயிறு தவறாமல் ஐம்பது மைல் வந்து, பச்சை மிளகாய்க் கறி சுருட்டிய ரொட்டியை அவளைப் பார்த்தபடியே தின்றுவிட்டுப் போனார்கள்.

அவளுக்கு இதெல்லாம் ஒரு மூச்சு நேரம்தான் என்பது நெஸ்டோருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. இறங்கியதும் எதிரே தெரிந்த முகம் இல்லையென்றால் அவள் பயந்துபோவாளே என்பதுதான் அவனுடைய ஒரே கவலை. அதனால் தலைக்குச் சாயம் பூசினான். அன்று போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டையை மூன்று முறை புதிதாகத் தைத்தான். ஓட்டை உடைசலாகிப்போன அதே வண்டியை விடாப்பிடியாக ஓட்டினான். மறுமணம் பேச வந்த இரண்டு பேரை வாசலோடு அனுப்பினான். இனேஸ் பதினொரு வயதுவரை மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். அப்புறம் மாட்டேன் என்றுவிட்டாள்.

அவள் இறங்கிய தூரத்தை வாரா வாரம் நாடா வைத்து அளந்துவந்த பென்னட், ஜூன் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி என்று நாள் குறித்துக் கொடுத்தார். அன்று பதினொரு மணிக்கே கிளம்பினார்கள். கணவாயைத் தாண்டியதும் சாலை மூடியிருந்தது. ராக்கெட் சோதனை நடக்கும் நாட்களில் ராணுவம் அப்படி மூடுவது வழக்கம். உள்ளூர்க்காரர்கள் முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்வார்கள்.

"நீ கேக்கலையா?" என்றான் நெஸ்டோர்.

"நீங்க கேட்டிருப்பீங்கன்னு இருந்துட்டேன்ப்பா."

"பத்தொம்பது வருஷமா ஞாயித்துக்கெழமையே போய்ப் பழகிட்டேன். ஞாயித்துக்கெழம எவன் ராக்கெட் விடுறான்?"

வண்டிகள் வரிசையில் வெந்துகொண்டிருந்தன. நெஸ்டோர் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்தான். அதில் பெரியவர்கள் அளவில் தைத்த மஞ்சள் கவுன்.

"ஒரே ஒரு தடவ, பாப்பா. அம்மா மெரண்டுடக் கூடாதில்ல."

"இருபத்தஞ்சு வயசுல இதப் போட்டுக்கிட்டு நின்னாத்தான்ப்பா மெரளுவாங்க." கவுனின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்குத்தான் பயமா இருக்கு. இந்தப் பொண்ணு யாருன்னு அம்மா கேட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

நெஸ்டோர் கவுனை மடித்துப் பையில் வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். ஒன்றேகாலுக்குச் சாலை திறந்தது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்திலேயே காலம் தள்ளியவன் அன்று வண்டியைப் பறக்கவிட்டான்.

அவன் மேட்டடியில் ஓடிப்போய்க் கை விரித்ததற்கும் அவள் வந்து மோதியதற்கும் சரியாக இருந்தது. இருவரும் மணலில் உருண்டார்கள். ஒஃபீலியா சிரித்து முடித்தாள். வியர்வையோடு அவன் நெற்றியில் வழிந்த கறுப்பைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"என்ன இது, மை பூசிக்கிட்டியா?"

"கொஞ்சம் நேரமாயிடுச்சு, ஒஃபீலியா."

"தெரியும். சூரியன் பம்பரமா சுத்துது, நீங்க ரெண்டு பேரும் பாக்கப் பாக்க மாறிக்கிட்டே இருக்கீங்க. சீக்கிரம் வந்துடணும்னு எவ்வளவு முன்னால சாஞ்சேன் தெரியுமா? இந்தப் பாழாப்போன தட்டு நகந்தாத்தானே."

பத்தடி தள்ளி, ஜீன்ஸ் பைக்குள் கையை விட்டுக்கொண்டு இனேஸ் நின்றாள். ஒஃபீலியா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இனேஸ், யாரக் கேட்டுடி முடிய வெட்டின?"

இனேஸ் அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் வெட்டியது என்று விக்கலுக்கு நடுவே சொன்னாள். அதெல்லாம் இருக்கட்டும், முதலிலிருந்து சொல்லு என்றாள் தாய். பென்னட் அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு அவர்களை வழியனுப்பினார். ஒஃபீலியாவின் ஓட்டுநர் உரிமம் எப்போதோ காலாவதியாகிவிட்டிருந்தது, நெஸ்டோரோ அவள் கையை விடுவதாக இல்லை. அதனால் இனேஸ்தான் வண்டி ஓட்டினாள். ஒஃபீலியா நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். கணவாய் ஏறும்போது இனேஸின் கதையில் இரண்டாம் வகுப்புதான் முடிந்திருந்தது.