ஆமைப் பெட்டியைப் பால்கனியில் வைத்தது யார்?

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, விடுப்பில், அதாவது ஊர்வம்பில், பிறந்தது. எங்கள் மாடியில் எந்த வீட்டில் என்ன கறி, எந்தப் புருசனும் பெண்சாதியும் கதைப்பதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை மற்றவர்களுக்கும் தெரியப்படுத்துவேன். மூன்று வருடமாக ஒரு செய்தியை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அது செமிக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "புருசெத்தில் பனி பொழிந்துகொண்டிருந்த ஒரு..." வேண்டாம். ஒஸ்லோவைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது: "அனஸ்ரேசியா ஓர் ஆமை வளர்த்தாள்."

இது பரவாயில்லை. ஆனால் இது ஒரு குற்றச்சாட்டும்கூட, ஏனென்றால் இந்த நாட்டில் ஆமை வளர்க்கத் தடை. அதனால் அவளுடைய பெயரை மாற்றிவிட்டேன். புருசெத்தையும் நம்ப வேண்டாம், ஹவுகன்ஸ்டுவாவாக இருக்கலாம்.

2

அனஸ்ரேசியா எனக்கு எதிர்வீட்டுக்காரி. வயதானவர்களை வீடுவீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. அப்படி அவள் பார்த்துவந்த கெர்ட் என்ற நோர்வேக்கார அம்மாள், தன் ஆமையை அவளிடம் கொடுத்துவிட்டுச் செத்துப்போனாள். ஆமையின் பெயர் ட்ரூல்ஸ். தடை வருவதற்கு முன்பே கிரேக்கத்திலிருந்து கைப்பையில் வந்து இறங்கியவர். (வயதில் எனக்கு மூத்தவராக இருக்கக்கூடும் என்பதால் 'அவர்' போடுகிறேன்.) "எனக்குப் பிறகு பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள்" என்று கெர்ட் அழுதாளாம். விடமாட்டேன் என்று இவள் வாக்குக் கொடுத்தாளாம்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முதலில் நான் கண்டது, ரயில் நிலையத்துக்குப் போகும் பாதையோரம் அவள் குனிந்து லோவெதான் இலை பிடுங்கியதை. மஞ்சள் பூப் பூக்குமே, அந்தக் களை. கீரை வாங்க வழியில்லாமல் புல்லுச் சமைக்கிறாள் என்று ஒரு கிழமைக்குள் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பியோர்ண்டால் வரைக்கும் சேதி போய்விட்டது. அனுப்பியது நான்தான்.

ஒருநாள் கதவைத் தட்டினாள்.

"அக்கா, சனம் எனக்கு அரிசி கொண்டுவந்து தருது. நீங்கள்தானே கதையைக் கட்டிவிட்டது?"

சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்துப்போனாள். சோபாவுக்குக் கீழே ட்ரூல்ஸ் இலையை மென்றுகொண்டிருந்தார்.

"இப்ப உண்மை தெரியுந்தானே? இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பொலிசுக்குத் தெரிஞ்சால் இவரின்ரை கதை முடிஞ்சுது."

நான் சொல்லவில்லை. (நம்பினால் நம்புங்கள்.)

[அனஸ்ரேசியாவைத் தேவதையாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே ஒன்றைப் பதிந்துவைக்கிறேன்: என்னுடைய இடியப்ப உரலை வாங்கிப்போனவள் நாலு மாதம் திருப்பித் தரவில்லை.]

3

ஒரு தை மாதம். அடுத்த நாள் அவளுடைய சின்னவனுக்கு ஞானஸ்நானம். அவள் வீட்டில் ஐந்தாறு பெண்கள் சேர்ந்து விருந்துக்கு நானூறு இறைச்சி றோல்ஸ் உருட்டிக்கொண்டிருந்தோம். குளிர்சாதனப் பெட்டியில் இறைச்சிச் சட்டிக்கு இடமில்லை. கீழ்த்தட்டில் ஒரு பெரிய மட்டைப்பெட்டி இருந்தது. பனி கொட்டும் மாரிகாலத்தில் இடம் போதாவிட்டால் எங்கள் சனம் என்ன செய்யும்? பால்கனி இருக்கிறது. சோடாப் போத்தலும் ரசப் பானையும் போகிற இடத்துக்கு இந்தப் பெட்டியும் போகட்டும் என்று தூக்கி வெளியே வைத்தேன். என் வாழ்நாளில் திறந்து பார்க்காமல் விட்ட பெட்டி அது ஒன்றுதான்.

(மாரி முழுக்க ஆமை தூங்கும் என்பதோ, அதற்கு ஐந்து பாகைக் குளிர் வேண்டும் என்பதோ, மாடி வீட்டில் அந்தக் குளிர் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில்தான் கிடைக்கும் என்பதோ எனக்குத் தெரியாது. வெளியே அன்று மைனஸ் பதினொன்று.)

ஒரு மணித்தியாலம் கழித்து அனஸ்ரேசியா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். கண்ணாலே தேடினாள். பால்கனிக்கு ஓடினாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். பின்னாலேயே அவளுடைய புருசன் சிவானந்தன் போய்க் கதவைச் சாத்தினார். மற்றவர்கள் றோல்ஸில் கண்ணாக இருந்தார்கள். நான் கதவில் காது வைத்தேன். பழக்கம்.

"எந்த விசர் இதை வெளியிலை வைச்சது?"

"நான்தான்."

"நீயோ?"

"சட்டி வைக்க இடம் காணேல்லை. வைச்சுப்போட்டு மறந்துபோனன்."

"மூளை இருக்கோ உனக்கு? மிருக வைத்தியரிட்டையும் கொண்டுபோகேலாது. செத்துப்போச்சுதெண்டால் அந்தக் கிழவிக்குக் குடுத்த வாக்கு என்னாகிறது?"

அவர் இன்னும் என்னென்னவோ ஏசினார். நான் திரும்பி வந்து மாவை உருட்டினேன். "அனா, அது நான்" என்று சொல்ல வாயெடுத்து...

[இந்த வாக்கியத்தை மூன்று வருடமாக முடிக்கவில்லை.]

4

தூங்குகிற ஆமைக்கும் செத்த ஆமைக்கும் வித்தியாசம் தெரியாதாம். பங்குனியில் எழுப்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். இரண்டு மாதமும் சீனி, உப்பு என்று எதையாவது கேட்டுக்கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போனேன். எங்கள் வீட்டில் சீனி மலையாகக் குவிந்தது.

முடிவு ஒன்று: இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைக்கிறார்கள். ஆமை அசையவில்லை. அனஸ்ரேசியா துவாயால் அதை மூடி... எழுதினேன். என்னால் முடியவில்லை. வெட்டிவிட்டேன்.

முடிவு இரண்டு, நடந்தது: இருபது நிமிடம் கழித்து முன்னங்கால் ஒன்று தண்ணீரைத் தள்ளியது. பிறகு கழுத்து வந்தது. ட்ரூல்ஸ் தண்ணீர் குடித்தார். குளியலறைத் தரையில் இருந்துகொண்டு அனஸ்ரேசியா சிரித்தாள், அழுதாள். அப்போதுதான் கண்டோம், இடது கண் பால்போல வெளுத்திருந்தது. உறைகுளிர் எடுத்துக்கொண்டது அது.

"பரவாயில்லை அக்கா, மற்றக் கண் இருக்குத்தானே" என்றாள். கண்ணை இழந்தது ஆமை. ஆறுதல் ஏன் எனக்கு?

5

அன்றிலிருந்து லோவெதான் பிடுங்குவது நான். வலப்பக்கமாகத்தான் வைப்பேன். மென்று முடிக்கும்வரை பக்கத்தில் இருப்பேன். ஒரு கண்ணை எடுத்ததோடு நிறுத்திக்கொண்ட குளிருக்கு நன்றி. நான் வாங்கவேண்டிய ஏச்சை வாங்கிக்கொண்டவளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. அன்று அவள் என் பக்கம் விரல் நீட்டியிருந்தால் பத்து வருடத்துக்கு என்னைக் கதைத்திருப்பார்கள். வேறு யாராவது அந்தப் பெட்டியை வெளியே வைத்திருந்தால் நான் கதைத்திருப்பேன்.

நேற்று இந்தத் தாள்களை அவளிடம் கொண்டுபோனேன். ஆனால் கொடுக்கவில்லை. மூன்று வருடம் முடிக்காத வாக்கியத்தை வாயாலேயே முடித்தேன்:

"அனா, அந்தப் பெட்டியை வெளியிலை வைச்சது நான்."

அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்று சொன்னாள்.

என்ன சொன்னாள், முன்பே தெரியுமா, தெரியாதா என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்லமாட்டேன். அது அவள் எனக்குத் தந்தது. நீங்களாகவே ஒரு முடிவைக் கட்டிப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். எப்படியும் நல்லாய்ப் பரவும்.