அப்பாவுக்காக வாழ்த்துகள்

"வரிசையா போடுடா, வட்டமா வேணாம்" என்று மூன்றாம் தடவையாகச் சொன்னாள் ரென்ஸ்கே. கையில் கேக் வெட்டும் கத்தி. தம்பி யெல்லெ காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்து முன்னறையில் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் திறந்தபடி இருந்த அப்பாவின் சவப்பெட்டியையும் அவன் விட்டுவிடவில்லை. அதுவும் வந்தவர்களில் ஒருவர் என்பதுபோல இரண்டு பக்கமும் சமமாக இடம் விட்டு, அதையும் வட்டத்தில் சேர்த்துக்கொண்டான்.

"ஜனங்க வர்றாங்கன்னா வட்டமாத்தான் போடணும். உனக்கு மறந்துபோச்சு" என்றான்.

மணி பதினொன்றரை. இரண்டு மணிக்கு, இறுதிச் சடங்கு நடத்தித் தரும் ஹோக்ஸ்ட்ரா வந்து பெட்டியின் மூடியைத் திருகிவிடுவார். பிறகு தேவாலயம், பிறகு கல்லறை. அதற்குள் அப்பா செத்துவிட்டார் என்பது யெல்லெயின் மண்டையில் ஏறியாக வேண்டும். ரென்ஸ்கேவுக்கு மூன்று நாளாக இதே கவலைதான். யெல்லெ ஆடுகளுக்குத் தீனி போடப் போகும் பண்ணையின் பொறுப்பாளர் மாரித் வேறு தொலைபேசியில் கலக்கிவிட்டிருந்தாள்: "முகத்தைப் பாக்கறப்பவே புரிய வெச்சிடுங்க. எங்ககிட்ட இருந்த ஒருத்தர், அம்மா வருவாங்கன்னு ஆறு மாசம் வாசல்லயே நின்னார்." யெல்லெ ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டான். ஆட்டைப் பார்க்கப் போகணும் என்றான்.

இதில் வேடிக்கை, ரென்ஸ்கேவை விட இந்தக் காரியத்துக்குப் பொருத்தமான ஆள் அவர்களுடைய ஃப்ரீஸ்லாந்து மாகாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. தம்பியைப் போல டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளோடு மற்ற தேசத்து ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, ஓர் அறக்கட்டளையின் செலவில் இரண்டு வருடமாகப் பெட்டியும் கையுமாக அலைந்துகொண்டிருந்தவள் அவள். அயர்லாந்து, சார்டினியா, ஜார்ஜியா என்று ஏழு நோட்டுகள் நிறைந்திருந்தன. அவற்றில் சாவைப் பற்றியே நாற்பது பக்கம் இருக்கும்.

நாற்பது பக்கத்தையும் அவள் யெல்லெயிடம் முயன்று பார்த்தாயிற்று. அயர்லாந்தில் ஒரு தாய், தன் மகன் தாத்தாவின் நெற்றியில் கை வைத்த மாத்திரத்தில் புரிந்துகொண்டான் என்று சொல்லியிருந்தாள். யெல்லெயும் அப்பாவின் நெற்றியில் கை வைத்தான். "குளிருது" என்று சொல்லிப் போர்வையை அப்பாவின் கழுத்துவரை இழுத்துவிட்டான். சார்டினியாவில் கறுப்பு உடுத்தினால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும் என்றார்கள். கறுப்புச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, கழுத்து அரிக்கிறது என்று கழற்றிப்போட்டான். இப்போது அவன் போட்டிருந்தது பிறந்தநாட்களுக்குப் போடும் சிவப்புக் கட்டச் சட்டை. ஜார்ஜியாவில் செய்வதுபோல இறந்தவரைப் பற்றிக் கதை சொல்லி அழலாம் என்று ஆரம்பித்தால், ஒவ்வொரு வரிக்கும் "தெரியும்" என்றான். அழுதது அவள்தான்.

தீனா அத்தை சமையலறையிலிருந்து காபிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். அப்பாவின் தங்கை. எழுபத்தெட்டு வயது, நாக்குக்கு மட்டும் வயதாகவில்லை.

"விடேன்டி அவனை. நாற்காலி எப்படிக் கிடந்தா என்ன?"

"பொறந்தநாள்னு நினைச்சுட்டிருக்கான் அத்தை. பாருங்க, சாவுக்கு வர்றவங்களுக்கு வெச்ச கேக்கைக் கண்டதும் இந்தச் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டான்."

"ஊர் உலகமெல்லாம் சுத்தி வீட்டுக்கு வீடு யெல்லெயைப் பாத்துட்டு வந்திருக்கே. இந்த ஒரு யெல்லெயைத்தான் பாக்கல" என்றாள் அத்தை. சொன்ன பிறகு தனக்கே அதிகமென்று பட்டதோ என்னவோ, ரென்ஸ்கேவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

தட்டினாலும் குத்தியது குத்தியதுதான். வியாழக்கிழமை காலை அப்பாவின் மூச்சு நின்றபோது ரென்ஸ்கே அயர்லாந்தின் மேற்குக் கரையில் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, "உங்க பையனுக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். தொலைபேசி மேலங்கிப் பையில் கிடந்தது. அப்பாவின் படுக்கையருகில் யெல்லெ மட்டும் இருந்தான். அவன்தான் அத்தைக்குத் தகவல் சொன்னான்: "அத்தை, அப்பாவோட கை கனமாயிடுச்சு." அந்தக் காலையில் வேறு என்ன நடந்தது, அப்பா என்ன பேசினார் என்று ரென்ஸ்கே எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள். "அது எங்க விஷயம்" என்று ஒரே பதில்.

ஒரு மணிக்கு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவராகப் பெட்டியருகே நின்று அப்பா வீப்ரனின் முகத்தைப் பார்த்தார்கள், தொண்டையைச் செருமினார்கள், வட்டத்தில் உட்கார்ந்தார்கள். அத்தை காபி ஊற்றினாள். கேக் ஆளுக்கு ஒரு துண்டு, தட்டு சுற்றி வந்தது. பக்கத்து வீட்டு ஃபோப்பே மழையைப் பற்றி ஏதோ சொன்னார். மற்றவர்கள் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது யெல்லெ எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். நேரே தீனா அத்தையிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"வாழ்த்துகள் அத்தை. அப்பாவுக்காக."

கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

அந்த ஊரில் பிறந்தநாள் என்றால் பிறந்தவருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. அவருடைய பெண்டாட்டி, அக்கா, மாமன், பக்கத்து வீட்டுக்காரர் என்று வட்டம் முழுக்கக் கை குலுக்கி, உங்கள் அவருக்காக வாழ்த்துகள், உங்கள் இவளுக்காக வாழ்த்துகள் என்று சொல்லி முடித்த பிறகுதான் காபியைத் தொடலாம். யெல்லெ இதில் புலி. ஊரில் நூற்று அறுபது பேரின் பிறந்தநாள் அவனுக்கு மனப்பாடம். இன்றும் முறை தவறாமல் இடமிருந்து வலமாகப் போனான்.

"வாழ்த்துகள் ஃபோப்பே. அப்பாவுக்காக."

"உனக்கும்தான் யெல்லெ" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்ட ஃபோப்பே காதுவரை சிவந்துபோனார். எதிரே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ரென்ஸ்கேவுக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்துபோய்த் தம்பியின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"யெல்லெ, இது பொறந்தநாள் இல்லடா."

"தெரியும்."

"அப்பா செத்துட்டார்டா. இனிமே வரமாட்டார். இப்ப மூடினா அப்புறம் பாக்கவே முடியாது."

"தெரியும்" என்றான். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்தானே பக்கத்துல இருந்தேன். நீயா இருந்தே?"

ரென்ஸ்கே அவன் முழங்கையை விட்டாள். வெளியே அத்தை யாருக்கோ இன்னொரு கோப்பை ஊற்றும் சத்தம் கேட்டது.

"அப்ப எதுக்குடா வாழ்த்துச் சொல்றே?" என்றாள், குரலை இறக்கி.

பாடம் ஏறாத பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான் அவன். "அத்தை பொறந்தநாளுக்கு எனக்கு ஏன் எல்லாரும் வாழ்த்துச் சொல்றாங்க? அன்னிக்கு நானா பொறந்தேன்?"

"இல்ல. அத்தை உனக்கு இருக்காங்க. அதனால."

"ஆங். அப்பா எனக்கு இருந்தார். உனக்கு இருந்தார். ஃபோப்பேவுக்கும் இருந்தார்." விரல் விட்டு எண்ணினான். "நல்ல அப்பா அக்கா."

அவள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு நோட்டிலும் இது இல்லை. மூன்று நாளாக இவனுக்குப் புரிய வைக்கக் கிளம்பினேனே, நான் ஒரு மடச்சி என்று நினைத்துக்கொண்டாள். தம்பியின் மேல் அன்பு பொங்கி வந்தது, கூடவே வெட்கமும்.

யெல்லெ அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்தக் காலையில் நடந்ததைத் தானாகவே சொன்னான்.

"இன்னிக்கு யாருக்குப் பொறந்தநாள்னு அப்பா கேட்டார். தினம் கேப்பார்ல. யாருக்கும் இல்லன்னேன். ஒருத்தருக்குமா இல்லன்னு சிரிச்சார். அப்புறம் கையைக் குடுடான்னார். குடுத்தேன்."

"வலிச்சுதாடா அவருக்கு?"

"இல்ல. தூங்கற மாதிரிதான் இருந்தார்."

அவள் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். கேட்டுவிட்டாள். "என்னைப் பத்திக் கேட்டாரா?"

"இல்ல" என்றான் யெல்லெ. அவனுக்குப் பொய் சொல்ல வராது. "நான்தான் சொன்னேன். அக்கா பொறந்தநாளுக்குப் பதினோரு நாள் இருக்குன்னு. பெரிய கேக்கா சொல்லிடு, அவ தூரத்துலேருந்து வர்றவளாச்சேன்னார்" என்றான்.

ரென்ஸ்கே தேம்பித் தேம்பி அழுதாள். யெல்லெ அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான், ஆடுகளைத் தட்டுவதுபோல இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. சீக்கிரம் அழுது முடி, ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றான்.

அவர்கள் முன்னறைக்கு வந்தபோது ஹோக்ஸ்ட்ரா வந்துவிட்டிருந்தார். கறுப்புக் கோட்டு, மழையில் நனைந்த தோள். மூடி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எல்லோரும் யெல்லெயைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். ரென்ஸ்கே தன் நாற்காலிக்குப் போகவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு தீனா அத்தையின் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"வாழ்த்துகள் அத்தை. உங்க அண்ணனுக்காக."

"அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நாள்ல கழண்டுபோச்சா?" என்றாள் அத்தை. ஆனால் பிடித்த கையை விடவில்லை. கண்கள் நிறைந்துவிட்டன. "எழுபத்தெட்டு வருஷம்டி. சும்மாவா? எழுபத்தெட்டு வருஷம் எனக்கு அண்ணனா இருந்தான்." பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஃபோப்பேவின் பக்கம் திரும்பினாள். "நீயும் எழுந்திரு. உனக்கும் வாழ்த்துச் சொல்லணும்."

ஃபோப்பே எழுந்தார். அவர் மனைவி எழுந்தாள். நாற்காலிகள் தரையில் உரசின. பெட்டியைச் சுற்றி எல்லோரும் எல்லோருடைய கையையும் தேடிக்கொண்டிருந்தார்கள். சிலர் அழுதார்கள், ஃபோப்பே சிரித்தேவிட்டார். வீப்ரனுக்காக, உங்கள் வீப்ரனுக்காக என்று அறை முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. யெல்லெ நடுவில் நின்று, விட்டுப்போனவர்களைக் கையைப் பிடித்து இழுத்துச் சேர்த்துவிட்டான்.

ஹோக்ஸ்ட்ரா மூடித் திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதவோரம் ஒதுங்கி நின்றார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு வீட்டை அவர் பார்த்ததில்லை. யெல்லெ கடைசியாக அவரிடம் வந்தான்.

"உங்களுக்கு அப்பா இருக்காரா?"

"இல்லப்பா. போன வருஷம் போயிட்டார்."

"இருந்தாருல்ல?"

ஹோக்ஸ்ட்ரா உள்ளங்கையிலிருந்த திருகாணிகளைப் பார்த்தார். "இருந்தார்" என்றார்.

யெல்லெ கையை நீட்டினான். அவர் ஆறு திருகாணிகளையும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையைக் கோட்டில் துடைத்துவிட்டு நீட்டினார்.