வீட்டில் அடி வாங்குகிறவர்

ஜூடோ வகுப்பில் சேரும் யோசனை அவருடையதுதான். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, உடம்பை அசைக்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் எச்சரித்த அன்று, தன் மூக்குக்கண்ணாடிக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். டயர் கடைக்கு மேலே மாடியில் வகுப்பு நடக்கிறதாம். எந்த வயதுக்காரரையும் சேர்த்துக்கொள்கிறார்களாம்.

"தனியா போய் நின்னா கேலிக்கூத்தா இருக்கும். நீயும் வா."

"இந்த வயசுல நானா? குனிஞ்சு நிமிர்ந்தாலே இடுப்பு பிடிச்சுக்குது."

"எனக்கு மட்டும் என்ன, இருபது வயசா?"

அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். வாரம் முழுக்க நின்றுகொண்டே வேலை. சனி, ஞாயிறாவது காலை நீட்டி உட்காரலாம் என்பதுதான் அவள் எண்ணம். ஆனால் மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது. சரி என்றாள்.

மாஸ்டர் ஒரு பெண்மணி. போட்டிகளில் அடிபட்டு அவருடைய ஒரு காது வற்றல்போல் சுருங்கியிருந்தது. "விழத் தெரிஞ்சாத்தான் மத்ததெல்லாம்" என்று சொல்லி, முதலில் விழுவதற்கு மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார். விழு, எழு, மறுபடி விழு. கல்லூரிப் பிள்ளைகள் பந்துபோல் உருண்டு எழுந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் லாரியிலிருந்து தள்ளிவிட்ட மூட்டைபோல் பொத்தென்று விழுந்தார்கள். வீட்டுக்கு வந்து ஒருவர் முதுகில் ஒருவர் தைலம் தேய்த்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அப்படிச் சிரித்துப் பல வருஷமாகியிருந்தது.

பிறகு தூக்கிப் போடுவதைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார் மாஸ்டர். புதியவர்கள் என்பதால் கணவனையும் மனைவியையும் ஜோடியாக நிறுத்தினார்.

அவளுக்கு அது வந்தது. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஊசியைப் பார்த்ததும் கையை இழுக்கப்போகிறவர்களை அன்றாடம் பிடித்துப் பிடித்துப் பழகிய விரல்கள் அவளுடையவை. எதிராளி அசையப்போவது, அசைவதற்கு முன்பே அந்த விரல்களுக்குத் தெரிந்தது. கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுவார். அவள் கொஞ்சம் இடம் விட்டுத் திரும்புவாள். அவ்வளவுதான், அவர் அவள் இடுப்பின் மேல் ஏறி அந்தப் பக்கம் போய் விழுவார்.

முதல் தடவை எல்லாரும் கைதட்டினார்கள். அவரும் படுத்தபடியே கும்பிடு போட்டுச் சிரித்தார். "அடடா, இன்னொரு தரம் பண்ணுங்க!" என்றார் மாஸ்டர். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, திரும்பத் திரும்பச் செய்துகாட்டச் சொன்னார். கடைசித் தடவை எழுந்தபோது கணவருடைய காது மடல் சிவந்திருந்தது.

ஸ்கூட்டரில் வரும்போது, "நான் விட்டுக்கொடுத்தேன், தெரியுமில்ல?" என்றார்.

"தெரியும்ங்க" என்றாள் அவள்.

அடுத்த வாரம் வேண்டுமென்றே விழுந்து கொடுத்தாள். அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் கடையில் வேலை இருக்கிறது என்றார். அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டார். "நீ போ, உனக்குத்தான் நல்லா வருதே" என்று வாய் நிறையச் சொல்லித்தான் அனுப்பினார்.

வேடிக்கைப் பேச்சு அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது. அவருடைய அக்கா வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, "என் நிலைமையைக் கேக்காதீங்க. வீட்ல தினமும் அடி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடமும் சொன்னார். மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொன்னார். எங்கே சொன்னாலும் எடுபட்டது.

ஒருநாள் கடையைச் சாத்தும்போது ஷட்டர் கொக்கி நழுவி அவர் முகத்தில் அடித்தது. புருவம் கிழிந்து, கண்ணுக்குக் கீழே கன்றிப்போய்விட்டது. ரத்தத்தைத் துடைத்து, மருந்து வைத்து, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தவள் அவள்தான். மறுநாள் கடைக்கு வந்தவர்கள், "என்ன சார், வீட்டம்மா கைவரிசையா?" என்று கேட்டார்கள். அவர் சிரித்தார், ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய அக்கா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள கோவம் வர்றது சகஜம்தான். அதுக்காகக் கை நீட்டுவாங்களா?"

அவளுக்குப் பிடிபடவில்லை. "யாரு அண்ணி, யார் மேல?"

"அவன் மூஞ்சியைப் பார்த்தா தெரியலையா? வாயில்லாப் பூச்சி அவன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் பக்கம் திரும்பினாள். "ஷட்டர் அடிச்சதை நீங்களே சொல்லுங்க."

அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளையைப் பிரித்து, நாரை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"விடுக்கா. முடிஞ்சுபோன விஷயம். இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு?"

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தம்பியின் தலையைத் தடவினார்.

சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். சுற்றி வளைத்துப் பேசினாள். கடைசியில், "அத்தை என்னவோ சொன்னாங்கம்மா. நீ அப்பாவை..." என்று இழுத்தாள்.

"நீ என்ன நினைக்கிற?"

மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "அப்பாகிட்டயே கேட்டேன். 'அம்மாவை ஒண்ணும் கேக்காதே, அவளுக்கு வேலையில டென்ஷன்'னாரு" என்றாள்.

போனை வைத்துவிட்டு நேரே கூடத்துக்குப் போனாள்.

"நான் உங்களை அடிச்சேனா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"இல்லன்னு எப்ப சொன்னீங்க?"

அவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். வாடிக்கையாளருக்கு ஃபிரேம் எடுத்துச் சொல்வதுபோல் பொறுமையாகப் பேசினார். "பேச ஆரம்பிச்சா நாலு பேர் நாலு விதமாத்தான் பேசுவாங்க. நீ அந்த கிளாஸை நிறுத்திடு. எல்லாம் தானா அடங்கிடும். அப்புறம் நான் பார்த்துக்கறேன்."

இதற்காகத்தானா இத்தனையும்? அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வலது காலில் பாரம் போட்டு நின்றிருந்தார். சட்டைக் காலரை ஒரு கையால் பிடித்தால் போதும். அவள் இரண்டடி முன்னால் வந்தாள்.

அவர் சட்டென்று பின்வாங்கினார். இடுப்பு மேஜையில் இடித்தது. கை தானாக முகத்துக்கு முன்னால் வந்துவிட்டது. பார்க்க ஆளில்லாத கூடம் அது. அந்தக் கண்ணில் இருந்தது நிஜமான பயம். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வகுப்பை அவள் நிறுத்தவில்லை. சனிக்கிழமை வந்ததும் போனாள். மஞ்சள் பெல்ட்டும் வாங்கினாள். ஆனால் பழைய தெளிவு கையில் இல்லை. "இப்பல்லாம் நீங்க யாரையும் முழுசாத் தூக்கறதில்லயே. பாதியிலயே விட்டுடறீங்க. என்ன ஆச்சு?" என்று மாஸ்டர் கேட்டார். அவள் பெல்ட்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

விடுமுறைக்கு மகள் வந்தாள். முதல் நாள் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் விடுதிக் கதைகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு மனைவி எழுந்து கரண்டியோடு கையை நீட்டினாள். அவர் தலை வெடுக்கென்று பின்னால் போனது.

மகள் பேச்சை நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவின் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, அந்தக் கரண்டியை மெதுவாக அம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ உக்காரும்மா. அப்பாவுக்கு நான் போடறேன்."