ஸ்டீபன் சாரின் பிள்ளைகள்

ஃப்ரீசர் பெட்டியிலிருந்து எடுத்த அப்பாவின் விறைத்த காலில் சாக்ஸை ஏற்ற ஷைனி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது. பதினொரு பெண்கள் இறங்கினார்கள். எல்லாருக்கும் முப்பது தாண்டியிருந்தது. எல்லாருமே நிலைப்படியில் தலையைக் குனிந்துதான் உள்ளே வந்தார்கள். ஒருத்தி சவப்பெட்டியின் தலைமாட்டில் முழங்காலிட்டு, "சார்..." என்று கதறினாள். ஷைனியோடு ஒரே டீமில் ஆடிய ஏஞ்சல். இப்போது ரயில்வேயில் இருக்கிறாள்.

ஸ்டீபன் பொன்னேரிப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் இருபத்தாறு வருஷம் பாஸ்கெட்பால் கோச். கம்பெனிக் கூலிகளின் வீட்டுப் பெண்களைப் பொறுக்கியெடுத்து ஐந்து முறை ஸ்டேட் கப் அடித்தவர். போலீஸ், ரயில்வே என்று நாற்பது பேர் அவரால் வேலைக்குப் போனார்கள். நேற்றுக் காலை கிரவுண்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவருடைய ஒரே மகள் ஷைனி மட்டும் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் கேட் பாஸ் எழுதுகிறாள்.

ஏஞ்சல் பையிலிருந்து சிவப்பு ஜெர்சியை எடுத்தாள்.

"ஷைனிக்கா, இத்த சார் மேல போத்திடலாம்."

"வேணாம்."

"டீமே சேந்து வாங்கினோம்க்கா..."

"வேணாம்னா உடு. கிரவுண்டுல தான் உங்க சாரு. இது எங்க ஊடு."

ஜெபம் முடிந்ததும் பாஸ்டர், யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். ஏஞ்சல் முன்னால் வந்தாள்.

"ஸ்டேட் செமி ஃபைனல். இன்னும் நாலு நிமிஷந்தான். அக்காவுக்கு முட்டி பெசகிப்போய் உயுந்துட்டாங்க. சார் ஸ்ப்ரே அடிச்சு, 'எழுந்து ஆடு'ன்னாரு. சொந்தப் பொண்ணுன்னு கூடப் பாக்கல. ஜெயிச்சோம். அதான் எங்க சார்!"

பின்னால் யாரோ கை தட்டினார்கள். சாவு வீடு என்று உறைத்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஷைனி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பெசகல. ஜவ்வு கிழிஞ்சுது. ரெண்டு ஆப்பரேஷன். கப்ப தூக்கிக்கினு ஊர்கோலம் போனீங்களே, ஒருத்தியாவது ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களாடி?"

ஏஞ்சல் தரையைப் பார்த்தாள். "சார் தான் போகக்கூடாதுன்னாரு. உங்கள அந்த நெலமைல பாத்தா ஃபைனல்ல பயந்து ஆடுவோம்னு. அப்புறமும்... உடவே இல்ல."

பதினாறு வருஷத்தில் இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஷைனி திரும்பினாள். அம்மா ஹெலன் பெட்டிக்குள் மல்லிகைச் சரத்தை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

ஹெலன் தலை நிமிரவில்லை. "பெட்டிய மூடச் சொல்லு. வெயில் ஏறுது."

கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளி முடிந்ததும் ஊர்ச்சனம் கலைந்தது. பதினொரு பேரும் போகவில்லை. யாரும் சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உயரவரிசையில் நின்றார்கள். பிராக்டிஸ் முடிந்தால் அப்படித்தான் நிற்க வேண்டும். சார் "போலாம்" என்ற பிறகுதான் அசையலாம். ஏஞ்சல் ஷைனியைப் பார்த்தாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் பார்த்தார்கள்.

ஷைனி அம்மாவை ஆட்டோவில் ஏற்றினாள். தானும் உட்கார்ந்து, மடங்காத காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

"வண்டிய எடுண்ணா."

ஆட்டோ கேட்டைத் தாண்டித் திரும்பும்போதும், உச்சி வெயிலில், அந்த வரிசை கலையாமல் நின்றது.